கதவடியில் ஒரு கதிரை: பொப்பிக் காசு சேர்க்க வந்த முதியவரும் எங்கள் கடையும்

2023 நவம்பர், சியாரன் புயல் தென் இங்கிலாந்தை உலுக்கிவிட்டுப் போன வாரத்துச் சனிக்கிழமை. நான் வேலை செய்யும் சுப்பர் மார்க்கெட்டின் வாசலுக்கு வெளியே, தள்ளுவண்டிகளை அடுக்கிவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், 88 வயது முன்னாள் படைவீரர் ஒருவர் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நின்றார். கழுத்தில் பொப்பிப் பூத் தட்டு, கையில் உண்டியல். மழை விட்டு விட்டுப் பெய்தது. அவரை அங்கே நிற்கச் சொன்னது எங்கள் கடைதான்.

அன்று நான் ஷிப்ட் பொறுப்பாளர். நடந்ததைப் பிறகு ஒரு பக்க அறிக்கையாக முகாமையாளருக்கு எழுதிக் கொடுத்தேன். அதில் எழுத இடமில்லாமல் போனவற்றையும் சேர்த்து இப்போது தமிழில் எழுதுகிறேன். இந்த நாட்டுக் கடைகளில் காசாளராக, காவலாளியாக, பொறுப்பாளராக நம்மவர்கள் எத்தனையோ பேர் நிற்கிறோம். நாளைக்கு இதே நிலை உங்கள் வாசலிலும் வரலாம். கடையின் பெயரோ அந்த ஐயாவின் பெயரோ இங்கே வராது.

பொப்பி பற்றி முதலில்

இங்கே வாழ்பவர்களுக்குத் தெரிந்த கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். பொப்பி என்பது போரில் இறந்த படைவீரர்களின் நினைவாகச் சட்டையில் குத்திக்கொள்ளும் சிவப்புப் பூ, அதைக் கொடுத்துச் சேர்க்கும் காசு முன்னாள் படையினருக்குப் போகும். முதலாம் உலகப் போர் முடிந்து வந்தவர்களில் ஏராளமானோர் வேலையில்லாமல், கை கால் இழந்து நின்ற காலத்தில், 1921 மே 15ஆம் திகதி பிரித்தானிய லீஜன் என்ற முன்னாள் படையினர் சங்கம் உருவானது. அதே வருடம், போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11இல் முதலாவது பொப்பி நாள். 90 இலட்சம் பூக்கள் வரவழைத்தார்கள், அத்தனையும் போய், 106,000 பவுண்ஸுக்கு மேல் சேர்ந்தது. மறு வருடம் மேஜர் ஜோர்ஜ் ஹௌசன், போரில் ஊனமுற்றவர்களை வைத்தே பூச் செய்யும் தொழிற்சாலையை லண்டனில் தொடங்கினார். சங்கத்தின் பெயரோடு ‘ரோயல்’ சேர்ந்தது 1971இல்.

இன்றும் ஒக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் 11 வரை, நாடு முழுவதும் பல்லாயிரக்கணக்கான தொண்டர்கள் இந்தப் பூவோடு நிற்கிறார்கள். பூவுக்கு விலை இல்லை. விரும்பியதைப் போட்டுவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நிற்பவர்களில் பெரும்பாலானோர் வயதானவர்கள். அது ஏன் என்பதற்குக் கணக்கே சாட்சி. பிரித்தானியாவில் கட்டாய இராணுவச் சேவைக்கு ஆள் அழைப்பது 1960இன் கடைசியோடு நின்றது, கடைசி ஆள் வீடு திரும்பியது 1963இல். அந்தச் சேவையைச் செய்தவர்களில் ஆக இளையவர்களே இன்று எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள்.

இலங்கையில் பிறந்த எனக்கு இந்தப் பூவோடு இன்னொரு கணக்கும் உண்டு. காலனிக் காலத்தில் கொழும்பிலும் நவம்பர் 11இல் பொப்பி விற்றார்கள். சேர்ந்த காசில் பெரும்பங்கு பிரித்தானியாவுக்குப் போகிறது, இலங்கைப் படைவீரர்களுக்குக் கிடைப்பது சொற்பம் என்று 1931இல் ஏலியன் பெரேரா அதற்கு எதிராகச் சூரியமல் விற்கத் தொடங்கினார். 1933இலிருந்து இடதுசாரி இளைஞர்கள் அதைக் கையிலெடுத்து, ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாகவே ஆக்கினார்கள். சூரியமல் என்பது வேறொன்றுமில்லை, நம்முடைய பூவரசம்பூதான். சீருடை என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவதும் சோதனைச் சாவடிதான். அதனால் “பிரித்தானிய ஆமிக்காரருக்காக நீ ஏன் மினைக்கெடுகிறாய்?” என்று வீட்டில் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. நியாயமான கேள்வி. என்னுடைய பதில், இராணுவம் பற்றி என்ன கருத்து இருந்தாலும், எங்கள் கடை வரச் சொல்லி வந்த மனிதர் எங்கள் வாசலில் நனைந்தார் என்பதுதான்.

அன்று நடந்தது

காலை ஒன்பதரை மணிக்கு அவர் வந்தார். நான்கு வருடமாக அவர் நின்ற இடம் உள்வாசல், அதாவது இரண்டு தானியங்கிக் கதவுகளுக்கும் இடையில் உள்ள சின்னக் கூடம். முன்பிருந்த உதவி முகாமையாளர் கபேயிலிருந்து ஒரு கதிரை எடுத்துக் கொடுப்பாராம். அந்த உதவி முகாமையாளர் ஓகஸ்டிலேயே வேறு கடைக்கு மாறிப்போய்விட்டார்.

அன்று அந்தக் கூடத்தில் நத்தாருக்கான சொக்லேட் டின்கள் மரப்பலகைத் தட்டுகளோடு இறங்கியிருந்தன, ஆளுயரத்துக்கு இரண்டு அடுக்கு. பணியிலிருந்த இளம் முகாமையாளருக்கு இந்தக் கடையில் அது இரண்டாவது வாரம். யாரோ பொப்பி கொடுக்க வந்திருக்கிறார் என்று காவலாளி வோக்கிடோக்கியில் சொன்னதும், “உள்ளே இடமில்லை, வெளியில் கூரைக்குக் கீழே நிற்கட்டும்” என்றார். கதிரை கேட்கிறார் என்றதற்கு, கதிரை போட்டால் அவசர வழி மறிபடும் என்றார். காவலாளி அதைப் போய்ச் சொன்னார். ஐயா, “பரவாயில்லை, ஒரு தொந்தரவும் இல்லை” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அந்தக் கூரை பெயருக்குத்தான் கூரை. காற்று அடித்தால் மழை பக்கவாட்டில் வரும்.

நான் அவரை இரண்டு தரம் கடந்து போனேன், இதை மறைக்க விரும்பவில்லை. முதல் தரம் பத்து மணியளவில் வண்டி எடுக்கப் போனபோது. அவர் தலையசைத்தார். சட்டைப்பையில் இருந்த ஒரு பவுண் குற்றியை உண்டியலில் போட்டு, பூவை வாங்கிக் குத்திக்கொண்டு உள்ளே வந்தேன். காசு போட்டாயிற்று என்ற நிறைவு எனக்கு. இரண்டாம் தரம் லொறி வந்ததா என்று பார்க்க ஓடினேன், அவரைப் பார்க்கவே இல்லை.

பன்னிரண்டரைக்குப் பிறகு, காசாளராக இருக்கும் வவுனியா அக்கா ஒருவர் இடைவேளைக்குப் போகிற வழியில் என்னை நிறுத்தினார். “தம்பி, அந்த வயசான ஐயா வெளியில நனைஞ்சுகொண்டு நிக்கிறார், பாத்தனீரோ? எங்கட வீட்டுப் பெரிய ஆக்களை இப்பிடி விடுவமோ?” நான் போவதற்குள், வாடிக்கையாளர் ஒருவரும் சேவை மேசையில் வந்து சத்தம் போட்டார். இவ்வளவு பெரிய கடையில் ஒரு கதிரை கிடையாதா என்று கேட்டார்.

போய்ப் பார்த்தேன். தள்ளுவண்டித் தடுப்பின் இரும்புக் கம்பியில் பாதி சாய்ந்தபடி நின்றார். அந்த வருடம்தான் பொப்பிப் பூவைப் பிளாஸ்டிக் இல்லாமல் முழுக்கக் கடதாசியில் செய்திருந்தார்கள். தட்டின் முன்வரிசைப் பூக்கள் ஈரத்தில் துவண்டு கிடந்தன. நல்ல பூக்களை அவர் கோட்டின் உட்பையில் வைத்திருந்தார், கேட்டவர்களுக்கு அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

ஊழியர் ஓய்வறைக்கு அழைத்துப்போய் இருத்தினேன். பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தார். விரல்கள் மரத்துப்போய் மூடியைத் திருக முடியவில்லை. நான் வாங்கித் திறந்தேன். தேத்தண்ணி விளிம்பு வரை அப்படியே இருந்தது. காலையிலிருந்து ஒரு வாய் கூடக் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். குடித்தால் கழிப்பறைக்குப் போகவேண்டி வரும், போனால் உண்டியலை யாரிடம் விடுவது என்றார். முத்திரை வைத்த உண்டியல் அது. அவர் பெயரில் கொடுத்தது, கையை விட்டு இறக்கக்கூடாது. எங்கள் கழிப்பறையோ கடையின் கடைசி மூலையில் இருக்கிறது.

மழையை யார் வேண்டுமானாலும் கண்ணால் பார்த்திருக்கலாம். இதை அவர் வாய் திறந்து சொல்லாவிட்டால் நாங்கள் ஒருநாளும் அறிந்திருக்க மாட்டோம்.

எந்த நாடு என்று கேட்டார். இலங்கை, தமிழ் என்றேன். முகம் மலர்ந்தது. பத்தொன்பதாவது வயதில் கட்டாயச் சேவைக்கு எடுத்து, மலாயாவில் இறப்பர் தோட்டக் காவலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். 1948 முதல் 1960 வரை அங்கே அவசரகாலம், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு பிரித்தானியப் படைகள் போரிட்ட காலம். பால் வெட்டியவர்களில் பெருந்தொகையானோர் தமிழர். அவர்களிடம் படித்த ஒரே ஒரு சொல் தனக்கு இன்னும் ஞாபகம் என்று சொல்லி, “தண்ணி” என்றார். வெயிலில் காவல் நின்றபோது கேட்டால் கொடுப்பார்களாம்.

எங்கே பிழைத்தது

அடுத்த வாரம் முழுக்க இதை விசாரித்தேன். முதலில் தேடியது குற்றவாளியைத்தான். அப்படி ஒருவர் அகப்படவில்லை.

லீஜனின் உள்ளூர் அமைப்பாளர், அவரும் ஒரு தொண்டர்தான், செப்டெம்பரிலேயே நாளும் நேரமும் எழுதி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அது போனது முன்பிருந்த உதவி முகாமையாளரின் சொந்த அலுவலக முகவரிக்கு. அவர் மாறிப்போனபின் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க ஆளில்லை. தலைமை அலுவலகம் கடைகளில் நிதி சேர்க்கப் பொதுவாக அனுமதி கொடுத்திருந்தது. ஆக அனுமதி இருந்தது, அது கடைக்குள் யாருக்கும் தெரியாது. உள்வாசலில் எதை எங்கே வைப்பது என்ற படமும் தலைமை அலுவலகத்திலிருந்துதான் வருகிறது. சொக்லேட் அடுக்கை அந்த மூலையில் வரைந்தவர், நவம்பரில் அங்கே ஒரு மனிதர் இருப்பார் என்று அறியவில்லை. இளம் முகாமையாளர் அவசர வழியைக் காப்பாற்ற நினைத்தார், அது அவருடைய கடமை. காவலாளி சொன்னதைச் செய்தார். நான் காசு போட்டேன்.

வேலைக்காரர் எல்லோரும் தத்தம் வேலையைச் செய்தோம். வந்தவருக்கு வீட்டுக்காரராக நிற்க மட்டும் ஆளில்லை. நம் வீட்டுக்கு ஒருவர் வந்தால் முதல் வார்த்தை “வாங்க, இருங்க” என்பது. அந்த வார்த்தையைச் சொல்லவேண்டியவர் யார் என்று எங்கள் கடையில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அவசர வழி என்ற காரணத்தை அளந்தே பார்த்தேன். தீப் பாதுகாப்புப் பொறுப்பாளரையும் கூட்டிக்கொண்டு அளவு நாடாவோடு போனேன். பூவாளிகள் வைக்கும் சுவரோரம் ஒரு கதிரை போட்டால் வழியில் ஒரு அடி கூடக் குறையவில்லை. வழியை உண்மையில் நெருக்கியது சொக்லேட் அடுக்குத்தான். அது படத்தில் இருந்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

இதில் குழப்பம் நிறைய, கடைக்காரர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. தெருவில் தர்மத்துக்குக் காசு சேர்ப்பதை இங்கே 1916ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஒழுங்குபடுத்துகிறது. உள்ளூராட்சி சபையின் அனுமதிப் பத்திரம் வேண்டும், லண்டனில் பொலிசிடம் பெறவேண்டும். கடையின் சொந்த நிலத்துக்குள் என்றால் பொதுவாக உரிமையாளரின் சம்மதமே முக்கியம். எனவே “கொஞ்சம் தள்ளி வெளியில் நில்லுங்கள்” என்று சொல்வது சின்ன விஷயம் போலத் தெரிந்தாலும், நடைபாதைக் கல்லைத் தாண்டியதும் அவர் வேறொரு விதிக்குள் போய்விடுகிறார். எங்கள் சம்மதத்தை நம்பி வந்தவர், அனுமதிப் பத்திரம் இல்லாமல் தெருவில் நிற்பவராக ஆகிவிடக்கூடும்.

தெரு வசூலுக்கான மாதிரி விதிகள் 1974இல் வந்தன. வசூலிப்பவர் ஓரிடத்தில் அசையாமல் இருக்கவேண்டும், ஒருவருக்கும் அடுத்தவருக்கும் 25 மீற்றர் இடைவெளி வேண்டும், யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது. வழிப்போக்கர்களைக் காப்பாற்ற எழுதியவை இவை, நல்ல விதிகள்தான். ஆனால் ஓரிடத்தில் இருக்கவேண்டும் என்பதை எல்லோரும் நின்றுகொண்டே இருக்கவேண்டும் என்று விளங்கிக்கொள்கிறார்கள். கதிரையில் இருப்பவரும் ஓரிடத்தில்தான் இருக்கிறார்.

கதிரையில் கால் தடக்கி யாராவது விழுந்தால் காப்புறுதி என்ன ஆகும் என்று எங்கள் கடையிலும் கேட்டார்கள். இடத்துக்கு வரும் விருந்தாளியின் பாதுகாப்பில் நியாயமான அக்கறை எடுக்கவேண்டும் என்று 1957ஆம் ஆண்டின் இடவுடைமையாளர் பொறுப்புச் சட்டம் சொல்கிறது. எங்கள் சம்மதத்தோடு வந்த அந்த ஐயாவும் அதில் விருந்தாளிதானே. ஈரத் தரையில் மூன்று மணித்தியாலம் நின்று அவர் விழுந்திருந்தால் அந்தக் கேள்வியும் எங்களிடம்தான் வந்திருக்கும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் இருக்கும் அறையின் சூடு 18 பாகைக்குக் குறையக்கூடாது என்பது இங்கத்தைய அரச சுகாதார ஆலோசனை. நவம்பர் வாசலில் பத்துப் பாகை இருந்தாலே பெரிய காரியம்.

நின்றுகொண்டே இருப்பது பற்றி நமக்குப் புதிதாக யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தமிழ்நாட்டில் ஜவுளிக்கடைப் பிள்ளைகள் பன்னிரண்டு மணித்தியாலம் நின்ற கால் வீக்கத்தைப் பார்த்துத்தான், கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுத்தாகவேண்டும் என்று 2021இல் அங்கே சட்டத்தைத் திருத்தினார்கள். கேரளம் 2018இலேயே செய்துவிட்டது. இங்கே பிரித்தானியாவில் இருந்தபடி செய்யக்கூடிய வேலைக்கு இருக்கை தரவேண்டும் என்று 1992ஆம் ஆண்டு விதி சொல்கிறது, ஆனால் அது வேலைசெய்பவர்களுக்கு எழுதியது. அந்த ஐயா எங்கள் ஊழியரும் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை. கதிரைக்கு உரிமை எந்தப் பத்திரத்தில் வரும் என்று தேடிக்கொண்டிருந்தால் அவர் வெளியிலேயே நிற்கவேண்டியதுதான்.

பிறகு செய்தது

இரண்டு நாளில் முகாமையாளர், நான், அந்த அமைப்பாளர் மூவரும் கபேயில் இருந்து பேசினோம். இளம் முகாமையாளரும் தானாகவே வந்தார், மன்னிப்புக் கேட்டார். பெரிய திட்டம் ஒன்றும் போடவில்லை. காசு சேர்க்க வருபவர்களுக்கான கடிதங்கள் இனிப் பொது மின்னஞ்சலுக்கு வரும். வருபவரின் பெயரும் நேரமும் அன்றைய பணிப் பட்டியலில், ஊழியர் பெயர்களோடு சேர்த்து எழுதப்படும். அந்தப் பெயருக்கு நேரே அவருக்குப் பொறுப்பான ஊழியரின் பெயர் இருக்கும். அவர்தான் வாசலில் போய் வரவேற்பார், மணிக்கு ஒரு தரம் எட்டிப் பார்ப்பார், கழிப்பறைக்குப் போகும் நேரம் உண்டியலுக்குப் பக்கத்தில் நிற்பார். ஒருவர் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கவேண்டாம் என்று அமைப்பாளர் தன் பக்கத்தில் மாற்றினார்.

கதிரை பற்றித்தான் அதிகம் பேசினோம். கபேக் கதிரை வழுவழுப்பானது, கைப்பிடி இல்லை, எழும்பும்போது பின்னால் நழுவும். 88 வயதில் கதிரையில் இருப்பதை விட அதிலிருந்து எழும்புவதுதான் கஷ்டம் என்று அமைப்பாளர் சொன்னார், அவருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. எனவே நேர்காணல் அறையில் இருந்த கைப்பிடி வைத்த கதிரையைக் கொண்டுவந்தோம். போட்ட இடம் இரண்டாவது கதவுக்கு உட்புறம். ஏனென்றால் இரண்டு கதவுக்கும் நடுவில், கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் குளிர்காற்று முழங்காலில் அடிக்கும். நானே அதில் பத்து நிமிடம் இருந்து பார்த்துத்தான் அதைத் தெரிந்துகொண்டேன்.

உண்டியலை மட்டும் மேசையில் வைத்துவிட்டால் என்ன, அட்டை தட்டிக் காசு போடும் இயந்திரமும் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். பல கடைகள் அந்த வழிக்கு வந்துவிட்டன, கரைச்சல் குறைவு. ஐயாவிடமே கேட்டேன். தான் வருவது காசுக்கு மட்டுமில்லை என்றார். ஒவ்வொரு வருடமும் ஒரு பெண் வந்து தன் தகப்பனைப் பற்றிப் பேசிவிட்டுப் போவாராம். உண்டியலிடம் யார் பேசப்போகிறார்கள்?

அவர் நவம்பர் 11ஆம் திகதி, சனிக்கிழமை, மறுபடி வந்தார். வவுனியா அக்காவின் பெயர்தான் அவருக்கு நேரே எழுதியிருந்தது, அவராகவே கேட்டு வாங்கினார். பதினொரு மணிக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தோம், காசு மேசைகள் எல்லாம் நின்றன, இரண்டு நிமிடம் கடை முழுக்க அமைதி. குளிர்பெட்டிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஐயா கைப்பிடியை ஊன்றி எழும்பினார். அக்கா முழங்கையைப் பிடிக்கப் போனார், அவர் மெல்லத் தலையசைத்து மறுத்துவிட்டு, இரண்டு நிமிடமும் தனியே நின்றார். அப்புறம் இருந்து, ஃபிளாஸ்க்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினார்.

2024இலும் வந்தார், ஒரே ஒரு நாள், இரண்டு மணித்தியாலம். மகள் கூட்டிவந்து கூட்டிப்போனார். சென்ற வருடம் அமைப்பாளரின் கடிதத்தில் அவர் பெயர் இல்லை. முழங்கால் விடவில்லையாம், வீட்டில் இருக்கிறார்.

கதிரை இப்போது சாரணர் பிள்ளைகளோடு வரும் பெரியவர்களுக்கும், வழிகாட்டி நாய்களுக்காகக் காசு சேர்க்க வருபவர்களுக்கும் போடப்படுகிறது. எங்கள் கடையில் இது நடக்கிறது என்பது எங்கள் கடையோடு சரி. நாளைக்கு முகாமையாளர் மாறினால், நானும் அக்காவும் மாறினால், நடக்குமா என்று உறுதி சொல்ல முடியாது. நிதி சேர்க்க வருபவர்களுக்காகத் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் படிவத்தில் அடையாள அட்டை, உண்டியல் முத்திரை, நிற்கும் இடம் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. இருக்கை வேண்டுமா, இவருக்குப் பொறுப்பு யார் என்ற இரண்டு வரிகளையும் சேர்க்கச் சொல்லி இரண்டு தரம் எழுதியிருக்கிறேன். முதல் கடிதத்துக்கு, கிடைத்தது என்று பதில் வந்தது. இரண்டாவதை அளவு நாடாவோடு எடுத்த படத்தையும் இணைத்துப் போன மாதம் அனுப்பினேன்.